கடைசி இரண்டு நிமிஷம்: செட்டிநாட்டுக் கூடைப்பந்து நடுவர்களுக்கும் போட்டிக் கமிட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கண்டனூர், புதுவயல் பக்கம் மின்னொளிக் கூடைப்பந்துப் போட்டி நடத்தும் கமிட்டிப் பெரியவர்களுக்கும், அந்தப் போட்டிகளில் விசில் ஊதும் நடுவர் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

கோடை விடுமுறை வந்தால் மறுபடி போஸ்டர் ஒட்ட ஆரம்பித்துவிடுவோம். அதற்குள் ஒரு விஷயத்தைப் பேசிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், வழக்கமாக நடக்காத ஒரு விதிமீறல் நடந்தால் நம் களத்தில் என்ன ஆகிறது என்பதுதான் அந்த விஷயம். டிராவல், டபுள், லைன் கிராஸ் இதெல்லாம் வேலியோரம் நிற்கும் பையனுக்கும் தெரியும். அவற்றில் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. நான் சொல்வது எப்போதோ ஒருமுறை வருகிற சங்கதிகளை. அவை பெரும்பாலும் கடைசி நிமிஷத்தில்தான் வந்து சேரும். தோற்கிற அணிக்கு அப்போதுதான் புதுப்புது யோசனை வரும், ஜெயிக்கிற அணிக்கு அப்போதுதான் கை நடுங்கும்.

அந்த நேரத்தில் நம் நடுவர்களில் பலர் விசிலை முழுங்கிவிடுகிறார்கள். "கடைசி நேரத்துல நாம முடிவு பண்ணக் கூடாது, பசங்க முடிவு பண்ணட்டும்" என்பது அதற்குச் சொல்லும் நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊதாமல் விடுவதும் ஒரு முடிவுதான். மீறியவனுக்குச் சாதகமான முடிவு. ஊதாமல் விட்டபின் சத்தம் பெரிதானால் அடுத்து வருவது பஞ்சாயத்து: "சரி, மறுபடி ஆடுங்கப்பா."

நான் டேபிள் ஆள், களத்தோரம் மேஜையில் உட்கார்ந்து கணக்கெழுதி நேரம் பார்ப்பவன். ஸ்கோர் ஷீட், ஸ்டாப்வாட்ச், யாருக்குப் பந்து என்று சொல்ல முடியாத நிலை வந்தால் அடுத்து எந்த அணிக்கு என்று காட்டும் ஆரோ, இவைதான் என் பக்கம். அங்கிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம், அணி பேரும் வேண்டாம்.

அரையிறுதி. ஒரு அணி 3 புள்ளி முன்னிலை, கடிகாரத்தில் 4 நொடி. பின்தங்கிய அணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் போடும் ஒரு புள்ளிப் பந்து. முதலாவது விழுந்தது, வித்தியாசம் 2. இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டு, திரும்பி வரும் பந்தைப் பிடித்து உள்ளே போட்டுச் சமன் செய்வதுதான் திட்டம் என்று களத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பையன் பந்தை நேராக போர்டில் அடித்தான். பதற்றத்தில் கொஞ்சம் ஓங்கியே அடித்துவிட்டான். பந்து வளையத்தைத் தொடவே இல்லை. போர்டில் பட்டு அப்படியே திரும்பியது. அவன் அணியின் நெட்டைப் பையன் ஓடி வந்து பிடித்துப் போட்டான். கூடையில் விழுந்தது. ஆட்டம் சமன். கூட்டம் களத்துக்குள் வந்துவிட்டது.

விதி இதில் மயிரிழை அளவுகூடக் குழப்பம் வைக்கவில்லை. கடைசி ஃப்ரீ த்ரோ கூடையில் விழ வேண்டும், இல்லை வளையத்தையாவது தொட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது வயலேஷன், அதாவது விதிமீறல். பந்து வளையத்தைத் தொடாது என்று தெரிந்த நொடியே விசில் வர வேண்டும். அதற்கப்புறம் விழுந்த கூடை செல்லாது; எதிரணிக்கு, ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நேரான பக்கக்கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே போடும் த்ரோ-இன்; கடிகாரம் 4 நொடியிலேயே நிற்க வேண்டும். இவ்வளவுதான். கூடைக்குப் பின்னால் இருக்கும் பேஸ் லைனில் நின்ற நடுவர் வளையத்துக்கு நேர் கீழே இருந்தார். அவர் பார்த்தார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் விசில் வாய் வரை போனது. ஊதவில்லை.

பிறகு நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். இரண்டு நடுவர்களும் நடுக்களத்தில் நின்று பேசினார்கள். டேபிளுக்கு வரவில்லை. மைக் பிடித்திருந்தவர் "அமைதி, அமைதி" என்று கத்தினார். பரிசுக் கோப்பை கொடுத்தவர் நாற்காலியிலிருந்து எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். நாலு பேர் கூடினார்கள், ஆறு பேர் ஆனார்கள். கடைசியில் தீர்ப்பு வந்தது: "அந்த ரெண்டாவது ஃப்ரீ த்ரோவை மட்டும் திரும்பப் போடட்டும்."

ஃப்ரீ த்ரோவைத் திரும்பப் போடச் சொல்ல விதியில் இடம் இருக்கிறது. தடுக்கும் அணிக்காரன் முன்னதாகவே உள்ளே புகுந்தோ, போடுகிறவனைத் தொந்தரவு செய்தோ, அந்தப் பந்தும் விழாமல் போனால் திரும்பப் போடலாம். கடைசி ஃப்ரீ த்ரோவில் இரண்டு பக்கமும் புகுந்து, பந்து விழாமல் போனால் ஜம்ப் பால் நிலை, ஆரோ யார் பக்கமோ அவர்களுக்குப் பந்து. அன்றைக்கு இதில் எதுவுமே நடக்கவில்லை.

இரண்டாம் முறை பையன் சரியாக வளையத்தில் அடித்தான். பந்து முன்னிலை அணியின் கைக்குப் போனது, ஆட்டம் முடிந்தது. விதிப்படி ஜெயித்திருக்க வேண்டிய அணியே ஜெயித்தது. "பாத்தீங்களா, எல்லாம் சரியாப் போச்சுல்ல" என்று மைக்கில் சொன்னார்கள், ஆளாளுக்குக் கலைந்து போனார்கள். இதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. அந்த இரண்டாவது பந்து எதிர்ப்பக்கம் போயிருந்தால் ஓர் அடிதடியும், அடுத்த வருஷம் வராத ஓர் அணியும் மிஞ்சியிருக்கும். அதிர்ஷ்டம் காப்பாற்றியதை நடுவர் காப்பாற்றியதாக நாம் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

தலைமை நடுவர் முடிவெடுக்கத் தடுமாறினால் யாரைக் கேட்கலாம் என்று உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதி சொல்கிறது. உடன் ஊதுகிற நடுவரைக் கேட்கலாம், டேபிளில் இருப்பவர்களைக் கேட்கலாம், ஆட்டத்தை மேற்பார்வை பார்க்கும் கமிஷனர் என்று ஒருவர் இருந்தால் அவரையும் கேட்கலாம். பட்டியல் அதோடு முடிகிறது. கோப்பை கொடுத்தவர், ஊர்ப் பெரியவர், முன்னாள் மாநில வீரர் யாரும் அதில் இல்லை. விதியில் சொல்லப்படாத ஒன்று நடந்தால் முடிவெடுக்கும் அதிகாரமும் தலைமை நடுவருக்கே உண்டு. கூடையை நோக்கிப் பந்து காற்றில் இருக்கும்போது கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஜெனீவா பக்கம் உட்கார்ந்து எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். நம் ஊரில் அது நடக்கும். ஜெனரேட்டர் ஆள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து நடக்கும். அதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் விசில் வைத்திருப்பவர்தான்.

வெளியாள் தலையிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் மறக்காத சாட்சி 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். அமெரிக்காவுக்கும் சோவியத் யூனியனுக்கும் நடந்தது. டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட, 3 நொடி மிச்சத்தில் அமெரிக்கா 50-49 என்று முன்னால் வந்தது. சோவியத் அணி பந்தை உள்ளே போட்டது; டைம் அவுட் கேட்டோம், கொடுக்கவில்லை என்று டேபிளருகே சண்டை. ஒரு நொடி மிச்சமிருக்க நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அப்போது பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி வந்தவர் ஃபிபாவின் பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ். மூன்று நொடியையும் திரும்ப வைக்கச் சொன்னார். வைத்தார்கள், ஆனால் கடிகாரத்தைச் சரியாக மாற்றி முடிப்பதற்குள் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். ஹாரன் அடித்தது, அமெரிக்கர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். இல்லை, இன்னொரு முறை என்றார்கள். அந்த மூன்றாம் முறையில் அலெக்சாண்டர் பெலோவ் கூடை போட்டார், 51-50. தலைமை நடுவர், பிரேசிலின் ரெனாட்டோ ரிகெட்டோ, ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மேல்முறையீடு ஐவர் குழுவில் 3-2 என்று தள்ளுபடி ஆனது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை இன்றுவரை வாங்கவில்லை. சோவியத்துக்குச் சேர வேண்டிய நேரத்தைத்தான் ஜோன்ஸ் கொடுத்தார் என்று வாதாடுகிறவர்கள் இப்போதும் உண்டு. இருக்கட்டும். அதை நாற்காலியிலிருந்து எழுந்து வந்த ஒருவர் கொடுத்ததால்தான் அரை நூற்றாண்டு தாண்டியும் வழக்கு முடியவில்லை.

அடுத்து த்ரோ-இன். கடைசி இரண்டு நிமிஷத்தில் நம் களங்களில் அதிகம் சொதப்புவது இதில்தான். கோட்டுக்கு வெளியே 2 மீட்டர் இடம் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. நமக்கோ கோட்டை ஒட்டியே கயிறு, கயிற்றை ஒட்டியே பிளாஸ்டிக் நாற்காலி, முதல் வரிசையில் பேரப்பிள்ளையை மடியில் வைத்திருக்கும் ஆச்சி. பந்தை உள்ளே போடுகிற பையன் குதிகாலை நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் முகத்துக்கு நேராகத் தடுப்பவன் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். இந்த மாதிரி இடத்துக்கென்றே விதி இருக்கிறது. வெளியே 2 மீட்டர் இடம் இல்லையென்றால், பந்து போடுகிறவனை விட்டு 1 மீட்டராவது தள்ளித்தான் மற்றவர்கள் நிற்க வேண்டும். நம் வட்டாரத்துக்கென்றே எழுதினார்களோ என்று தோன்றும். ஆனால் நடுவர் இதை அமல்படுத்தி நான் பார்த்தது மிக அபூர்வம்.

அப்புறம் அந்தக் கை சைகை. நான்காம் குவார்ட்டரிலும் ஓவர்டைமிலும் 2 நிமிஷமோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது, த்ரோ-இன்னுக்குப் பந்தைக் கொடுக்கும் நடுவர், கோட்டைத் தாண்டக் கூடாது என்ற சைகையைத் தடுப்பவனுக்குக் காட்ட வேண்டும். அதுதான் எச்சரிக்கை. அதற்குமேல் அவன் கையோ காலோ கோட்டைத் தாண்டி இடைஞ்சல் செய்தால் நேரே டெக்னிக்கல், அதாவது ஆளைத் தொடாமலே செய்யும் தவறுக்கான ஃபவுல். பந்தை உள்ளே போடுகிற அணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அதே அணியிடம் இருக்கும். "மொதல்ல ஒரு வார்னிங் குடுங்க சார்" என்று கோச் கத்துவதற்கு இடமே இல்லை. இடம் எப்போது வருகிறது? நடுவர் சைகை காட்ட மறந்தபோது. மறந்துவிட்டு டெக்னிக்கல் கொடுத்தால் கோச் கேட்பது நியாயமாகிவிடுகிறது, கொடுக்காவிட்டால் எதிரணி கேட்பது நியாயமாகிவிடுகிறது. ஒரு கையசைப்பில் தீர வேண்டிய சங்கதி.

இதே நேரத்தில், பந்து இன்னும் நடுவர் கையிலோ போடுகிறவன் கையிலோ வெளியே இருக்கும்போதே, உள்ளே தடுக்கும் அணிக்காரன் ஒருவனைப் பிடித்து இழுத்து ஃபவுல் செய்தால், 2022 விதிகளின்படி அது த்ரோ-இன் ஃபவுல். டீம் ஃபவுல் எத்தனை என்று பார்க்க வேண்டியதில்லை. ஒரு ஃப்ரீ த்ரோ, கூடவே பந்தும். நம் ஊரில் இன்னமும் சிலர் இதைப் பழைய கணக்கில் ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் இல்லாத ஃபவுல் என்று இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுக்கிறார்கள், சிலர் சாதாரண ஃபவுலாக விட்டுவிடுகிறார்கள். ஒரே போட்டியில் காலை ஆட்டத்துக்கு ஒரு விதி, ராத்திரி ஆட்டத்துக்கு ஒரு விதி.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து வளையத்துக்கும் போர்டுக்கும் நடுவில் சிக்கினால் ஜம்ப் பால் நிலை. நடு வட்டத்துக்குப் போய் மறுபடி தூக்கிப் போடுவதில்லை, ஆரோதான் பேசும். ஆரோ இல்லாத டேபிளில் எது பேசும் என்று கமிட்டிதான் சொல்ல வேண்டும். பதற்றத்தில் ஒரு பையன் தன் கூடையிலேயே போட்டுவிட்டால் 2 புள்ளி எதிரணிக்கு, களத்தில் இருக்கும் அவர்கள் கேப்டன் பேரில் எழுத வேண்டும். ஆனால் அதையே வேண்டுமென்று செய்தால் கூடை செல்லாது, அது வயலேஷன். யார் வேண்டுமென்று செய்வான் என்று சிரிக்காதீர்கள். லீக் சுற்றில் 6 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் அடுத்த சுற்று என்று இருக்க, ஒரே கூடை முன்னிலையில் பத்து நொடி மிச்சமிருந்தால், தன் கூடையில் போட்டு ஓவர்டைமுக்கு இழுக்கலாம் என்று ஒரு கோச்சுக்குத் தோன்றாதா? தோன்றும். விதி எழுதியவர்களுக்கு முன்னாலேயே தோன்றியிருக்கிறது.

நேரம் பற்றியும் ஒன்று. கடிகாரத்தில் 0.3 நொடியாவது இருந்தால்தான் த்ரோ-இன் பந்தைப் பிடித்து ஷாட் போட முடியும். 0.2 அல்லது 0.1 என்றால் தட்டிவிடலாம், நேராக வளையத்துக்குள் திணித்து டங்க் செய்யலாம். பிடித்துப் போட்டால் செல்லாது. கேரம் போர்டு அளவு ஸ்கோர் பலகையும் கையில் ஒரு ஸ்டாப்வாட்சும் வைத்துக்கொண்டு இதை எப்படி அமல்படுத்துவது என்று கேட்டால், சிரமம்தான். ஆனால் ஸ்டாப்வாட்சில் என்ன காட்டுகிறது என்று டேபிளில் வந்து பார்க்கவாவது நடுவருக்கு முடியும். அதைவிட்டுவிட்டு மைக் ஆளை நம்பக் கூடாது. நம் வர்ணனையாளர்கள் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து "அஞ்சு... நாலு... மூணு..." என்று குழாய் ஒலிபெருக்கியில் எண்ணுகிறார்களே, அது டேபிள் கடிகாரத்தோடு ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அதைக் கேட்டு அவசரப்பட்டுப் பாதிக் களத்திலிருந்து எறிந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது நிஜக் கடிகாரத்தில் சாவகாசமாக நேரம் இருக்கும்.

போனில் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏ பார்த்துப் பழகியவர்கள் ஓரத்தில் நின்று சட்டம் சொல்வதும் இப்போது கூடிவிட்டது. ஒருவன் வெளியேற அங்கே ஆறு ஃபவுல், இங்கே ஐந்து. அங்கே களத்தில் பந்து வைத்திருக்கிற வீரனே டைம் அவுட் கேட்கலாம். 1993 அமெரிக்கக் கல்லூரி இறுதி ஆட்டத்தில் மிச்சிகன் அணியின் கிறிஸ் வெபர், அணிக்கு டைம் அவுட்டே மிச்சமில்லாதபோது, 11 நொடி இருக்கையில் கேட்டுவிட்டார்; டெக்னிக்கல் கொடுத்தார்கள், வடக்கு கரோலினா ஜெயித்தது. அந்தக் கதையைக் கேட்டவர்கள் நம் பையன் களத்தில் T போலக் கையைக் காட்டினால் "டெக்னிக்கல், டெக்னிக்கல்" என்று கூவுகிறார்கள். ஃபிபா விதியில் டைம் அவுட் கேட்க வேண்டியது கோச், இல்லாவிட்டால் முதல் உதவி கோச், அதுவும் டேபிளில். பையன் காட்டும் சைகைக்கு ஒரு அர்த்தமும் இல்லை. நடுவர் அதைப் பார்த்து விசில் ஊதி நிறுத்தினால், ஓடிக்கொண்டிருந்த ஆட்டத்துக்கு அவரே பிரேக் போட்டதாகிவிடும்.

இப்போது கமிட்டியினருக்கு. டேபிளுக்கு நீங்கள் அனுப்பும் வெள்ளைப் பணியாரத்துக்கும் காரச் சட்னிக்கும் நான் என்றைக்கும் நன்றியுள்ளவன். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டேபிளில் உட்கார யாரைக் கூப்பிடுகிறீர்கள்? ஆட்டம் தொடங்கும் நேரத்தில் "தம்பி, நீ எழுதுறியா" என்று கையில் கிடைத்த பையனை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்து, ஐந்தொகை காசு பிசகாமல் எழுதி அனுப்பிய ஊர்க்காரர்கள் நாம். ஸ்கோர் ஷீட்டும் ஒரு பேரேடுதான், அதைத் தெரியாதவன் கையில் கொடுப்போமா?

டேபிள் பிசகினால் நடுவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. 2007 டிசம்பர் 19 அன்று அட்லாண்டாவில் ஹாக்ஸுக்கும் மயாமி ஹீட்டுக்கும் என்பிஏ ஆட்டம். ஓவர்டைமில் ஷகீல் ஓ'நீலுக்கு ஆறாவது ஃபவுல் என்று வெளியே அனுப்பினார்கள். உண்மையில் அது அவருக்கு ஐந்தாவது. டேபிளில் கணக்குத் தவறியிருந்தது. மயாமி புகார் கொடுத்தது, லீக் ஏற்றுக்கொண்டது, கடைசி 51.9 நொடியை மட்டும் 2008 மார்ச் 8 அன்று திரும்ப ஆடினார்கள். அதற்குள் ஓ'நீல் ஃபீனிக்ஸ் அணிக்கே போய்விட்டார். திரும்ப ஆடிய நேரத்தில் இரண்டு அணியும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை என்பது வேறு கதை. கோடிகோடியாகப் புரளும் இடத்திலேயே இப்படி என்றால், நம் டேபிளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், புள்ளிக் கணக்கிலோ ஃபவுல் கணக்கிலோ நேரத்திலோ தவறு நேர்ந்திருந்தால், தலைமை நடுவர் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்திடும்வரை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். கொடுக்கக் கூடாத ஃப்ரீ த்ரோவைக் கொடுத்தது, கொடுக்க வேண்டியதை விட்டது, ஆள் மாறிப் போட்டது போன்றவற்றுக்கு மட்டும் அவகாசம் குறைவு. கடிகாரம் மறுபடி ஓடி, முதல் முறை பந்து நின்று, அடுத்து உயிர்பெறுவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் டேபிளில் விழிப்பான ஆள் வேண்டும் என்கிறேன்.

புகார் கொடுக்கும் வழியும் நம் பையன்களுக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்து 15 நிமிஷத்துக்குள் கேப்டன் தலைமை நடுவரிடம் சொல்லி, ஸ்கோர் ஷீட்டில் அதற்கென்று இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தெரியாததால் நடுவரின் பைக்கைச் சுற்றி நின்றுகொள்கிறார்கள். நுழைவுக் கட்டணம் வாங்கும்போதே இதை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்தால் என்ன?

ஆகவே வரும் கோடைக்கு நான் கேட்பது: முதல் நாள் காலையில் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் எல்லா அணிக் கோச்சுகளையும் நடுவர்களையும் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். எந்த வருஷத்து விதி, ஷாட் கிளாக் (எவ்வளவு நேரத்துக்குள் ஷாட் போட வேண்டும் என்று காட்டும் கடிகாரம்) உண்டா இல்லையா, கரண்ட் போனால் என்ன செய்வோம், லீக்கில் புள்ளி சமமானால் எப்படிப் பிரிப்போம் என்று அங்கேயே பேசி முடித்துவிடுங்கள். கடைசி இரண்டு நிமிஷத்தில் மைக்கை அணைத்துவிடுங்கள். கயிற்றைப் பேஸ் லைனிலிருந்து நாலு எட்டு தூரமாவது பின்னால் கட்டுங்கள். ஆச்சி கோபித்துக்கொள்ள மாட்டார், நாற்காலியையும் சேர்த்து நகர்த்தினால் போதும். கோப்பை கொடுப்பவரிடம் முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லி வையுங்கள், பரிசளிப்பு வரை அவர் இடம் மேடைதான் என்று.

நடுவர் அண்ணன்மார்களே, உங்களிடம் கேட்பது இன்னும் கொஞ்சம்தான். மூன்றாம் நிமிஷத்தில் ஊதுவதை முப்பத்தொன்பதாம் நிமிஷத்திலும் ஊதுங்கள். குழப்பம் வந்தால் நடுக்களத்தில் நிற்காமல் நேரே டேபிளுக்கு வாருங்கள். எங்களிடம் இருப்பதைப் பாருங்கள், முடிவெடுங்கள், இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு என்ன மீறல், என்ன தண்டனை, எத்தனை நொடி மிச்சம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள், ஆட்டத்தைத் தொடங்குங்கள். கத்துகிறவர்கள் கத்துவார்கள். நீங்கள் விட்டுக்கொடுத்து "மறுபடி ஆடுங்கப்பா" என்ற அன்றைக்கும் அவர்கள் கத்தத்தான் செய்தார்கள்.

டேபிளுக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள். ஸ்டாப்வாட்ச் இரண்டு என்னிடம் இருக்கிறது, அட்டையில் செய்த ஆரோவும் இருக்கிறது. எழுதத் தெரிந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஆட்டம் தொடங்க அரை மணி நேரத்துக்கு முன்னால் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
டேபிளில் உட்காரும் ஒருவன்,
காரைக்குடி